எட்டுப் பேர் தூக்கிய கம்பம்

1974-ஆம் வருடம், பொங்கல் முடிந்த கையோடு நடந்தது இது. கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்கு வெளியே ரோட்டோரமாக ஒரு லாரி நின்றிருந்தது. லாரிக்கு இந்தப் பக்கம் நாங்கள் நாலு பேர், அந்தப் பக்கம் வேறு நாலு பேர். அந்த நாலு பேரை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

அந்த வட்டாரத்தில் கம்பெனிகள் வரப்போகின்றன என்று அப்போது ஒரே பேச்சு. பொட்டல் வெளியில் ஒன்றிரண்டு கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்தன. அந்தக் கொட்டகைகளுக்கும் வழியில் இருந்த கிராமங்களுக்கும் மின்சாரக் கம்பம் நடுகிற வேலையை ஒரு காண்ட்ராக்டர் எடுத்திருந்தார். லாரி போகிற இடம்வரைக்கும் கவலையில்லை. அதற்கப்புறம் வயல், வாய்க்கால், ஏரிக்கரை. சிமெண்டுக் கம்பத்தை ஆட்கள்தான் தோளில் சுமந்துபோய்க் குழிக்குப் பக்கத்தில் இறக்க வேண்டும். அதற்குத்தான் நாங்கள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பொன்னேரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், கொஞ்சம் நெல் நிலம். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டு ஆபீஸ் வேலைக்காக நாலைந்து வருடம் காத்திருந்தேன். ஒன்றும் கிடைக்காமல் என் ஊர்க்காரர்கள் மூன்று பேரோடு இந்த வேலைக்கு வந்துவிட்டேன். எதிர்ப்பக்கம் நின்றவர்கள் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்து மீனவர்கள். அந்த வருடம் ஏரியில் மீன்பாடு சரியில்லை என்று வந்திருந்தார்கள்.

எங்கள் மேஸ்திரி ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரர். கையில் ஒரு சவுக்குக் கழியை வைத்துக்கொண்டு, எங்கள் ஒவ்வொருவர் தோளுக்கு நேராகவும் அதைப் பிடித்து உயரம் பார்த்தார். பிறகு எங்களைக் கலைத்துப் புதிதாக நிற்க வைத்தார். எனக்கு எதிரில் ஒரு மீனவரை நிறுத்தினார். என் ஊர்க்காரர் ஒருவர், "நாங்க நாங்களே ஜோடி போட்டுக்குறோம் மேஸ்திரி" என்றார்.

"தோளு ஒசரம் ஒண்ணா இருக்குறவன்தான் ஜோடி. உன் ஊரு, உன் சாதி எல்லாத்தியும் லாரியிலயே வெச்சிட்டு வா நைனா. கம்பத்துக்கு அதெல்லாம் தெரியாது" என்றார் மேஸ்திரி.

கம்பம் தூக்குகிற முறை இதுதான். கம்பத்தை நாலு இடத்தில் கயிற்றால் வளையம் போட்டுக் கட்டுவோம். ஒவ்வொரு வளையத்திலும் ஒரு கழியைக் குறுக்கே செருகுவோம். கழியின் இந்த முனை ஒருவர் தோளில், அந்த முனை அவருடைய ஜோடியின் தோளில். நாலு கழி, எட்டுத் தோள். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் எழ வேண்டும், ஒரே காலை எடுத்து வைக்க வேண்டும், ஒரே நேரத்தில் இறக்க வேண்டும். ஒருவர் முந்தினால் பாரமெல்லாம் இன்னொருவர் மேல் ஏறிவிடும்.

நானும் என் ஜோடியும் முதல் கழி. அவருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது அதிகம். அதிகம் பேசமாட்டார். அவருடைய மைத்துனரும் எங்களோடு வேலையில் இருந்தார்.

முதல் பத்து நாள் நரகம். குரல் கொடுத்துத்தானே தூக்க வேண்டும்? எங்கள் ஆள் ஒருவர் ஒரு மாதிரி குரல் கொடுப்பார். வலை இழுத்துப் பழகிய அவர்கள் வேறு தாளத்தில் குரல் கொடுப்பார்கள். எங்கள் குரலுக்கு அவர்கள் காலை வைக்கவில்லை, அவர்கள் குரலுக்கு நாங்கள் வைக்கவில்லை. ஒரு வயலைத் தாண்டுவதற்குள் பத்து முறை கம்பத்தைக் கீழே போடுவோம். மத்தியானம் அவர்கள் லாரி நிழலில் சாப்பிடுவார்கள், நாங்கள் மரத்தடியில். தண்ணீர்ப் பானைகூட இரண்டு. எங்கள் பானையில் அவர்கள் மொண்டு குடித்தது கிடையாது. யாரும் அப்படி ஒரு சட்டம் போடவில்லை, ஆனாலும் இருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருந்ததைத்தானே சொல்ல வேண்டும்?

ஒரு நாள் வாய்க்கால் ஓரத்தில் கம்பம் நழுவி விழுந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் யார் தோளைத் தளர்த்தியது என்று சண்டை மூண்டு, சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போய்விட்டது. மேஸ்திரி விலக்கவில்லை. விழுந்த கம்பத்தின் மேலேயே உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார்.

"யாரு குரலு கொடுக்குறதுன்னு முடிவு பண்ணுங்க. அது வரிக்கும் இந்தக் கம்பம் இங்கியே கெடக்கட்டும். எனக்கு ஒண்ணும் பேஜாரு இல்ல" என்றார்.

அந்தப் பீடி தீர்ந்து அடுத்ததையும் பற்ற வைத்தார். கடைசியில், கடைசிக் கழி பிடிக்கிற மீனவர் வாயைத் திறந்தார். நல்ல உயரம், கனமான குரல். "படகுல பின்னாடி நிக்கிறவன்தான் குரலு கொடுப்பான். அவனுக்குத்தான் எல்லாரு முதுகும் தெரியும். முன்னாடி நிக்கிறவனுக்கு இன்னா தெரியும்? என் குரலு வேணாம்னா, உங்க ஆளே பின்னாடி வந்து நிக்கட்டும். எனக்கு ரோசம் இல்ல" என்றார்.

அதில் நியாயம் இருந்தது. எங்கள் நாலு பேரில் அந்தக் குரலுக்கு ஆளும் கிடையாது. அவரே குரல்காரர் என்று முடிவானது. அப்போது இன்னொரு சட்டத்தையும் அவரே சொன்னார். யாருக்குத் தாங்க முடியவில்லையோ அவர் "இறக்கு" என்று கத்த வேண்டும். கத்திய உடனே எட்டுப் பேரும் சேர்ந்து இறக்கிவிட வேண்டும். ஏன், எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது. சொல்லாமல் மட்டும் யாரும் தோளை எடுக்கக் கூடாது.

அன்றிலிருந்து வேலை மாறியது. ஒரே நாளில் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக. அவருடைய குரலுக்கு எங்கள் கால்கள் பழகின. ஒரு காலையில் லாரி குலுங்கியதில் எங்கள் பானை உடைந்துபோனது. மேஸ்திரி வேறு வாங்கித் தரவில்லை. அன்று மத்தியானம் தாகம் தாங்காமல் நான் போய் அவர்கள் பானையில் மொண்டு குடித்தேன். என் ஜோடி நகர்ந்து இடம் விட்டார், அவ்வளவுதான். பிறகு ஒரு மழை நாளில் எட்டுப் பேரும் ஒரு பம்புசெட் ரூமுக்குள் ஒண்டினோம். உள்ளே காலை நீட்டக்கூட இடமில்லை. அவரவர் தூக்குவாளியைத் திறந்தபோது ஒருவர் சோற்றில் இன்னொருவர் குழம்பு தானாகவே விழுந்துவிட்டது. அதற்கப்புறம் தனித்தனியாக உட்கார யாருக்கும் தோன்றவில்லை.

பங்குனி வரும்போது நாங்கள் வேறு ஆட்களாகிவிட்டோம். என் ஜோடி மூச்சு விடுகிற மாதிரியை வைத்தே அவருக்கு எந்தத் தோள் வலிக்கிறது என்று எனக்குத் தெரியும். அவர் சொல்லாமலே நான் கழியை ஒரு விரல் நகர்த்திக் கொடுப்பேன். கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எட்டுப் பேர் காலும் ஒரே நேரத்தில் விழும். பக்கத்தில் வேலை செய்த இன்னொரு செட்டு ஒரு கம்பம் கொண்டுபோவதற்குள் நாங்கள் இரண்டு கொண்டுபோவோம். ஊர்க்காரர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். எனக்கு அந்த வேலைமேல் இருந்த வெட்கம் போய் ஒரு கர்வமே வந்துவிட்டது.

அந்தக் கர்வத்தைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன்.

ஒரு நாள் வயலின் நடுவில் என் ஊர்க்காரர் ஒருவர் "இறக்கு" என்று கத்தினார். சட்டப்படி எல்லோரும் இறக்கினோம். அவருக்குக் கால் பிசகிவிட்டது, பாவம். ஆனால் அன்று வழியில் எங்கும் இறக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு வீறாப்பு இருந்தது. அது கெட்டுப்போன எரிச்சலில், மத்தியானம் அவர் சாப்பிட வந்தபோது நான், "வழி விடுங்கப்பா, இறக்கு வர்றாரு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. "இறக்கு நாஷ்டா துன்னாச்சா?" "இறக்குக்கு இன்னும் ஒரு கை சோறு வையி, தெம்பு வேணும்ல?" இப்படியே ஒரு மாதம். அவரும் கூடவே சிரித்தார். அவர் சிரிப்பதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அந்த வார்த்தையை வேலையில் யாருமே சொல்லவில்லை. நாங்கள் அவ்வளவு தேறிவிட்டோம், இனி அது தேவைப்படாது என்று நான் நினைத்தேன்.

வைகாசி மாதம் அது. கம்பெனிக் கொட்டகைகளுக்குப் போகிற லைனைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து நெருக்கடி. ஒரு ஏரிக்கரையில் ஏறி, அந்தப் பக்கச் சரிவில் இறங்கி, கம்பங்களைக் கொண்டுபோக வேண்டும். எனக்கு முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே காய்ச்சல். காலையில் எழுந்தபோது வாயெல்லாம் கசப்பு. வீட்டில் போகாதே என்றார்கள். நான் போகாவிட்டால் வேலை நிற்கும், அப்புறம் எனக்கும் ஒரு பட்டப்பெயர் வைப்பார்கள். போய்விட்டேன்.

முதல் கம்பத்தைத் தூக்கும்போதே என் ஜோடி என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாப்பா, கண்ணு செவந்துகினு கீது?"

"வெயிலு" என்றேன்.

மூன்று கம்பம் எப்படியோ போய்விட்டது. நாலாவது கம்பத்தைக் கரைமேல் ஏற்றிவிட்டோம். அங்கிருந்து இறங்க வேண்டும். சரிவில் இறங்கும்போது பாரம் முழுக்க முதல் கழிக்குத்தான் வரும். எனக்கு முழங்கால் நடுங்கத் தொடங்கியது. காதுக்குள் ஒரு இரைச்சல். பின்னால் குரல்காரரின் குரல் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது, ஆனால் எங்கோ தூரத்தில் கேட்பது போல இருந்தது. "இறக்கு" என்ற வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வாயைத் திறந்தும்விட்டேன். இன்னும் பத்து அடி, பத்தே அடி போனால் சமதரை என்று கண்ணுக்குத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஐந்தாவது அடியோ ஆறாவது அடியோ தெரியவில்லை, என் தோள் கழியை விட்டு விலகியது. கால் மடங்கி நான் விழவில்லை. பாரம் பொறுக்காமல் நான்தான் விலகினேன். இந்த வித்தியாசம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அப்போது நினைத்தேன்.

என் பக்கத்துக் கழி முனை தரையில் குத்தியது. கம்பத்தின் முன்பக்கம் மண்ணில் மோதி, சரிவில் என் ஜோடியின் பக்கமாக உருண்டது. அவர் கழியை விட்டுவிட்டுத் தாவியிருந்தால் தப்பித்திருப்பார். விடவில்லை. விட்டிருந்தால் பின்னால் இருந்த ஆறு பேர் மேலும் பாரம் சரிந்திருக்கும். கடைசிவரை தோளில் வைத்துக்கொண்டே விழுந்தார். அவருடைய இடது பாதம் கம்பத்துக்கு அடியில் இருந்தது.

அவர் கத்தவில்லை. அவருடைய மைத்துனர்தான் கத்தினார்.

கம்பத்தை நெம்பி எடுத்தோம். துண்டுகளைச் சேர்த்துப் பாதத்தைச் சுற்றிக் கட்டினோம். அவரை ஒரு கயிற்றுக் கட்டிலில் போட்டு லாரிவரை தூக்கிப் போனோம். பொன்னேரி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, உடனே மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். லாரி கிளம்பும்போது அவர் என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன்.

அன்று சாயங்காலமே காண்ட்ராக்டரின் ஆள் ஒருவர் வந்தார். என்ன நடந்தது, யார் தோளை எடுத்தது என்று கேட்டார். நாங்கள் ஏழு பேரும் நின்றோம். அப்போது குரல்காரர் முன்னால் வந்து, "யாரும் எடுக்கல சார். கரை மண்ணு சரிஞ்சிச்சி" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

எழுதிக்கொண்டு போய்விட்டார்.

தப்பித்தோம் என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்தது உண்மை. ஆனால் நடந்தது வேறு. கரை மண் சரியவில்லை என்பது அங்கே வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். மண் சரியவில்லை என்றால் யார்? குப்பத்துக்காரர்கள் என் ஊர்க்காரர்களைச் சந்தேகப்பட்டார்கள். என் ஊர்க்காரர்கள், "அவன் காலு வழுக்கிச்சி, அவனே போட்டுக்கினான்" என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் ஊர் டீக்கடையில் அப்படி ஒருவர் சொன்னபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

லாரி நிழலில் அவர்கள், மரத்தடியில் நாங்கள் என்று பழையபடி ஆனது. குரல்காரரின் குரல் இறங்கிப்போனது. கம்பம் என்னவோ அதே கம்பம்தான். முன்பு ஒரே மூச்சில் தாண்டிய வயலை இப்போது ஐந்து இடத்தில் இறக்கி இறக்கித் தாண்டினோம். யாரும் யாரையும் திட்டக்கூட இல்லை. முதல் பத்து நாளில் சண்டையாவது போட்டோம்.

என் ஜோடிக்குப் பதிலாக அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவரைச் சேர்த்தார்கள். நல்ல மனுஷன். வந்து இரண்டு வாரம் ஆன ஒரு நாள் கழியைச் செருகிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"முன்ன இருந்த ஆளு வழுக்கிட்டானாமே? நீதான் ஒண்டியா தாங்கிப் பார்த்தியாமே? பெரிய மனசுப்பா உனுக்கு."

அந்த வார்த்தை என்னை அறைந்தது. நான் சும்மா இருந்ததிலிருந்து ஒரு கதை தானாக முளைத்திருந்தது. அந்தக் கதையில் அவர் குற்றவாளி, நான் வீரன். அன்று முழுக்க என்னால் அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் பிடித்துப் பழவேற்காடு போனேன். அங்கிருந்து படகில் அவருடைய குப்பத்துக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. வீட்டு வாசலில் கீற்று நிழலில் உட்கார்ந்து வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். இடது பாதத்தில் பாதி இல்லை. கட்டுப் போட்ட அந்தக் காலைத்தான் நான் முதலில் பார்த்தேன். அவருடைய மனைவி எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "உன் கூடத்தான் ஜோடி போட்டுக்கினு இருந்தாராம்லண்ணா? உன்னப் பத்தி ஊட்டுல சொல்லுவாரு" என்றார். அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன்.

அவர் மனைவி உள்ளே போனதும், "நான்தான் தோளை எடுத்தேன்" என்றேன். அதற்கு மேல் எதுவும் வரவில்லை.

அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "தெரியும்பா" என்றார். "உன் தோளுக்கு எதிர்லதானே என் தோளு இருந்திச்சி. எனக்குத் தெரியாம பூடுமா?"

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா இன்னா ஆவும்? எங்க ஆளுங்க உங்க ஊருக்குள்ள வருவாங்க. உங்க ஆளுங்க இங்க வருவாங்க. என் காலு திரும்பி வருமா?"

பிறகு அவரே கேட்டார். "ஒண்ணு மட்டும் சொல்லு. ஏன் இறக்குன்னு சொல்லல? ஒரு வார்த்தைதானே?"

கேலி செய்வார்கள் என்று பயந்தேன் என்று, பாதி பாதம் போன ஒரு மனுஷனிடம் எப்படிச் சொல்வது? ஆனாலும் அதுதான் உண்மை. சொன்னேன்.

அவர் வலையைக் கீழே வைத்தார். "அன்னிக்கி எனுக்கும் தோளு செத்துப்போச்சிப்பா. கரை ஏறும்போதே. நீ சொல்லுவே, நீ சொல்லுவேன்னு காத்துக்கினு இருந்தேன். நான் சொன்னா என்னை சிரிப்பானுங்களேன்னு நானும் சொல்லல."

ஒரே கழியின் இரண்டு முனையில் நின்றவர்கள் நாங்கள். அவர் மூச்சு விடுவதை வைத்தே எல்லாம் தெரியும் என்று நினைத்தவன் நான்.

கிளம்பும்போது, "அவங்க கிட்ட சொல்லிடு. என் காலு வழுக்கிச்சின்னு பேசிக்கிறாங்களாமே, என் மச்சான் சொன்னான். அதுதான் எனுக்குத் தாங்கல" என்றார்.

மறுநாள் காலையில், லாரியிலிருந்து இறங்கியதும், எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன். மேஸ்திரியும் இருந்தார். காய்ச்சல் இருந்ததைச் சொன்னேன், வாயைத் திறந்து மூடிக்கொண்டதைச் சொன்னேன், தோளை எடுத்ததைச் சொன்னேன். அவர் வழுக்கவில்லை, கடைசிவரை தாங்கினார் என்று சொன்னேன்.

அவருடைய மைத்துனர் என் மேல் பாய்ந்தார். கன்னத்தில் ஒரு அறை. நான் தடுக்கவில்லை. இரண்டாவது அறை விழுவதற்குள் குரல்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவன அடிச்சா என்னையும் அடிக்கணும்" என்றார் குரல்காரர். அவருடைய குரல் உடைந்திருந்தது. "பின்னாடி நிக்கிறவனுக்குத்தான் எல்லாரு முதுகும் தெரியும்னு நான்தானே சொன்னேன்? அவன் காலு நடுங்குறத நான் பார்த்தேன்டா. கரை மேலயே பார்த்தேன். நான் இறக்குன்னு சொல்லியிருக்கணும். அன்னிக்கி ஒரு தபாகூட இறக்கல, அப்பிடியே முடிச்சிடலாம்னு பார்த்தேன். அதான் கரை மண்ணு சரிஞ்சிச்சின்னு சொன்னேன். அவனுக்காக சொல்லல, எனுக்காகத்தான் சொன்னேன்."

அப்போது நாங்கள் "இறக்கு" என்று பெயர் வைத்தோமே, அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லாத முகம். "அன்னிக்கி நான் சொன்னப்போ நீதானே மொதல்ல சிரிச்ச?" என்றார்.

அறை வலிக்கவில்லை. இதுதான் வலித்தது.

என் ஜோடியின் மைத்துனர் அன்றே வேலையை விட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதை நான் குறை சொல்லமாட்டேன். மேஸ்திரி காண்ட்ராக்டரின் ஆளிடம் போய் உண்மையைச் சொன்னார். என்னையும் குரல்காரரையும் பதினைந்து நாள் வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்தார்கள். எங்களை விரட்டிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். மேஸ்திரி பேசித் திரும்பச் சேர்த்துக்கொண்டார்.

திரும்பி வந்தபோது மைத்துனர் இடத்தில் ஒரு புது ஆள் இருந்தார். அன்று குரல்காரர் ஒரு வேலை செய்தார். முதல் கம்பத்தை இடுப்பு உயரத்துக்குத் தூக்கியதும், நடக்கச் சொல்லாமல், "இன்னிக்கி நீ சொல்லு" என்று ஒருவரைப் பார்த்துச் சொன்னார். அவர் கூச்சத்தோடு "இறக்கு" என்றார். எட்டுப் பேரும் இறக்கினோம். பிறகுதான் வேலை தொடங்கியது. மறுநாள் இன்னொருவர் சொன்னார். வாய் அந்த வார்த்தைக்குப் பழகியிருக்க வேண்டும் என்றார் அவர். என் முறை வந்தபோது எனக்குக் குரல் எழும்ப வெகு நேரம் ஆனது. எல்லோரும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

லைன் முடிகிறவரை, அடுத்த ஒரு வருடத்துக்கு மேல் அந்த செட்டில் இருந்தேன். வேகத்தில் நாங்கள் பழையபடி ஆகவில்லை. பக்கத்து செட்டு எங்களை முந்தியது. ஒரு வயலுக்கு இரண்டு மூன்று முறை இறக்குவோம். மறுபடியும் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம், ஆனால் பம்புசெட் ரூமில் சாப்பிட்ட அந்தக் கலகலப்பு இல்லை. அதைவிட நிதானமான வேறு ஏதோ ஒன்று எங்களுக்குள் வந்திருந்தது. அதற்கு என்ன பெயர் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. கடைசிக் கம்பம் நட்டு முடித்த அன்று, வழக்கம்போலக் கை கழுவிவிட்டு, அவரவர் பஸ்ஸுக்குப் போய்விட்டோம். பிறகு எட்டுப் பேரும் ஒன்றாகச் சந்தித்ததே இல்லை.

என் ஜோடியால் அதற்கப்புறம் படகில் நின்று கோல் ஊன்ற முடியவில்லை. கரையிலேயே உட்கார்ந்து வலை வேலை பார்த்தார். அவர் மனைவி மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். எனக்குப் பிறகு அந்தக் கம்பெனிகளில் ஒன்றிலேயே வேலை கிடைத்தது. பொன்னேரி மார்க்கெட்டில் எப்போதாவது அவரைப் பார்ப்பேன். கழியை ஊன்றிக்கொண்டு நிற்பார். சேர்ந்து டீ குடிப்போம். மழை, மீன், பிள்ளைகள் படிப்பு என்று பேசுவோம். மன்னித்துவிட்டேன் என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

கம்பெனியில் பல வருடம் ஆட்களோடு வேலை செய்தேன், பிறகு ஆட்களை வைத்தும் வேலை வாங்கினேன். புதிதாகப் பத்துப் பேர் சேர்ந்து ஒரு வேலையில் இறங்கும்போது, ஆரம்பத்தில் அவர்கள் போடுகிற சண்டை எனக்குக் கவலை தந்ததில்லை. சண்டையெல்லாம் ஓய்ந்து, ஒருவருக்கொருவர் பிடித்துப்போய், நாம்தான் கெட்டி என்று மார்தட்டத் தொடங்குவார்கள் பாருங்கள், அப்போதுதான் எனக்குக் கவலை. அந்தச் சமயத்தில் அவர்களில் ஒருவராவது "என்னால முடியலை" என்று வாய்விட்டுச் சொல்கிறாரா, சொன்னால் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். எட்டுப் பேரும் ஒரே உடம்பாகிவிட்டோம் என்று நான் பெருமைப்பட்ட அந்த நாட்களில், எதிரே மூன்றடி தூரத்தில் நின்ற மனுஷனிடம் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லக்கூடத் துணியாமல் எவ்வளவு தனியாக இருந்திருக்கிறேன் என்பதை இந்த வயதிலும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.